டெக்கில் வெட்டிய துண்டு

எவ்வளவு நேரமாக வாசலில் நிற்கிறீர்கள் தம்பி? கூப்பிட்டிருக்கலாமே. கூப்பிட்டீர்களா? அப்படியா. உள்ளே வாருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்த ரெசின் டின் மேல் உட்காருங்கள். காலி டின்தான், ஒட்டாது.

யார் அனுப்பியது, காசிலிங்கமா? அவன் இன்னும் என் பேரைச் சொல்கிறானா? எதிரே வந்தால் பீடி பற்றவைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன். போகட்டும். பழைய பாய்மரப் படகு ஒன்றை விலைக்கு வாங்கப் போகிறீர்கள், முப்பத்தைந்து வருஷத்துப் படகு, டெக், அதுதான் மேல்தளம், உறுதியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அவ்வளவுதானே? வருகிறேன். நாளைக் காலையே வருகிறேன். படகு கட்டுகிற படிப்பெல்லாம் படித்தவர், ஆனாலும் கை பழகினவன் ஒருத்தனைக் கூட வைத்துக்கொள்ளத் தோன்றியிருக்கிறது உங்களுக்கு. அந்த மரியாதை இப்போது யாருக்கு இருக்கிறது? ஞானப்பிரகாசம் தட்டிப் பார்க்காத டெக் இந்த அரியாங்குப்பம் ஆற்றில் கிடையாது தம்பி.

என்ன கேட்டீர்கள்? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், ஃபேன் இரைகிறது.

ஆமாம், ஸ்பூன்தான். இதோ, இதுதான். எவர்சில்வர். காம்புப் பக்கத்தால் தட்டிக்கொண்டே போக வேண்டும், ஒரு சாண் விடாமல். மரம் நன்றாக இருக்கிற இடத்தில் டொக் டொக் என்று விறைப்பாகக் கேட்கும். உளுத்த இடத்தில் பொத்தென்று அமுங்கும். அவ்வளவுதான் வித்தை. பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் மிஷின் வைத்துப் பார்க்கிறார்கள். நான் ஸ்பூனால் பார்த்துவிடுவேன்.

நாளைக்கு வருகிறேன், அதில் மாற்றமில்லை. அதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு துண்டைக் காட்ட வேண்டும். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. டெக்கிலிருந்து வெட்டின துண்டு. அதைப் பார்த்து, தெரிந்தவர் நீங்கள், ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு நான் முத்தியால்பேட்டைக்குப் போவேன். என் மகள் ரெஜினா அங்கேதான் இருக்கிறாள். ஏழு வருஷமாக அவள் என்னோடு பேசவில்லை.

இருங்கள், அவசரப்பட்டு எடுத்துக் காட்டினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. முதலில் கேளுங்கள்.

லெயோன் சுப்புராயன் என்று ஒருத்தர். அவர் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கினவர்களை நாங்கள் இங்கே சொல்தா என்போம். மகனை ஊரே லெயோன் முசே என்று கூப்பிட்டது, முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. வேலை ஒன்றும் செய்ய வேண்டிய அவசியம் இல்லாதவர். உலகத்தைச் சுற்றுகிறேன் என்று ஒரு வெள்ளைக்காரன் பாய்மரப் படகில் இங்கே வந்து சேர்ந்தான், கடல் சலித்துப் போய்ப் படகை இவர் தலையில் கட்டிவிட்டு விமானத்தில் ஏறிப் போனான். படகின் பேர் சோஃபி. அந்த சோஃபி யார் என்று யாருக்கும் தெரியாது. சாயங்கால நேரத்தில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்வர வேண்டியது. அதுதான் முசே திட்டம். படகு ஓட்ட என் மருமகன் கிளமெண்ட், ரெஜினாவின் புருஷன். படகைப் பராமரிக்க நான். கிளமெண்ட் காற்று தெரிந்த பையன். வாய்தான் ஜாஸ்தி.

அந்த மாதிரிப் படகில் டெக் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், என் வாயால் சொன்னால்தான் எனக்கு வரிசையாக வரும். மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு ஃபைபர் தோல், நடுவில் தெர்மோகோல் மாதிரி எடையில்லாத மரம். மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிற வரைக்கும் யானை ஏறி நிற்கலாம். நடுமரம் உளுத்தால் மேல்தோல் தனி, கீழ்த்தோல் தனி, நடுவில் ஊறின டீத்தூள். மேலே பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதுதான் கொடுமை. பாய்மரத்தை இரண்டு பக்கமும் கம்பி இழுத்துப் பிடித்திருக்கிறதே, அந்தக் கம்பி இறங்குகிற இரும்பு பிளேட், சோஃபியில் டெக்கைத்தான் கடித்துக்கொண்டு நின்றது. டெக் விட்டால் பிளேட் விடும். பிளேட் விட்டால் கம்பி விடும். கம்பி விட்டால் பாய்மரம் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

தண்ணீர் உள்ளே எப்படிப் போகும்? ஓட்டை வழியாகத்தான். அதிலும் கடல்தண்ணீர் அவ்வளவு கெடுதல் செய்யாது. கருவாட்டைக் காக்கிற உப்பு மரத்தைக் காக்காதா? நல்ல தண்ணீர்தான் எமன். மழைத்தண்ணீர். மழையைப் பாருங்கள், மழையைப் பாருங்கள் என்று எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

அதனால் டெக்கில் ஒரு ஸ்க்ரூ போடுவது என்றால் விளையாட்டில்லை. முதலில் பெரிதாக ஓட்டை போட வேண்டும். சுற்றியிருக்கிற நடுமரத்தைக் கொக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். அந்தப் பள்ளத்தை ரெசினால் நிரப்பி ஒரு நாள் காயவிட வேண்டும். மறுநாள் அந்த ரெசினுக்கு நடுவில் சின்ன ஓட்டை போட்டு ஸ்க்ரூவை இறக்க வேண்டும். அப்போது தண்ணீர் போனாலும் ரெசினைத்தான் பார்க்கும், மரத்தைப் பார்க்காது. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே கெடுத்து நானே கற்றுக்கொண்டது. இந்தத் துறைமுகத்தில் முப்பது பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். காசிலிங்கமும் ஒருத்தன்.

அந்த வருஷம் என் மனைவிக்குக் கிட்னி கெட்டுப்போனது. அமலோற்பவம் அவள் பேர். கோயில் பாட்டுக் குழுவில் இருபது வருஷம் பாடினவள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை இறங்கியிருந்தாலும் பூசை முடிந்ததும் சாமியாரிடம் போய்ச் சொல்லிவிடுவாள். "பாட்டுக்கு வந்தியா, குறை கண்டுபிடிக்க வந்தியா?" என்று அவர் கேட்பார். வாரத்துக்கு இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். நான் வில்லியனூர் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். மாதா, என் சம்பாத்தியம் இந்தப் படகில் இருக்கிறது, நீயும் இந்தப் படகிலேயே வந்து இரு, இவளை எனக்கு விட்டுவை என்றேன்.

படகில் ஒரு மாதா சுரூபம் வைக்கட்டுமா என்று கேட்டேன், முசே சரி என்றார். "வையி பிரகாசம், டூரிஸ்ட்டு போட்டோ எடுப்பான்." அதுதான் அவர் பக்தி.

வலது பக்கம், கம்பி இறங்குகிற பிளேட்டுக்குப் பக்கத்தில் இடம் பார்த்தேன். அங்கே என்றால் மாலையைக் கம்பியில் கட்டிவிடலாம், காற்றில் போகாது. தேக்கில் ஒரு சின்ன ஸ்டாண்டு, மேலே சுரூபம், சுற்றிக் கண்ணாடி. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை காலையில் அவளைப் படகுக்குக் கூட்டிவந்து காட்ட வேண்டும், அதன் பிறகு ஆஸ்பத்திரி. ரெசின் ஊற்றினால் ஒரு நாள் காய வேண்டும், சொன்னேன் இல்லையா? அதற்கு நேரம் எங்கே இருந்தது? நாலு பித்தளை ஸ்க்ரூ. நேராக இறக்கிவிட்டேன். அடியில் கொஞ்சம் பட்டி வைத்தேன். அன்றைக்கு ஒரு நாள் மட்டும்தான் தம்பி. நாற்பது வருஷத்தில் ஒரு நாள். அதுவும் எனக்காகவா செய்தேன்?

அவள் வந்தாள், பார்த்தாள், அழுதாள். அதற்கப்புறம் வாராவாரம் சனிக்கிழமை என் வேலை அதுதான். வீட்டிலிருந்து ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுபோவேன். மாதாவை உப்புத் தண்ணீரில் கழுவ முடியுமா? கண்ணாடியெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். ஒரு குடத்தையும் ஊற்றித் துடைத்து, மாலை கட்டி, மெழுகுவர்த்தி வைப்பேன். இரண்டு வருஷத்தில் ஒரு சனி தவறவில்லை. முசே ஒரு நாளாவது ஒரு பூ வாங்கிக்கொடுத்தாரா என்று கேளுங்கள்.

இன்னும் ஃபேன் சத்தம் இருக்கிறது, நிறுத்திவிடுகிறேன். இப்போது சொல்லுங்கள். என்ன?

கேட்கவில்லை. இப்போது வெளியே காற்று கிளம்பிவிட்டது. பரவாயில்லை, நான் முடித்துவிடுகிறேன்.

இரண்டாவது மழைக்காலம் தொடங்குகிற சமயம். அமலோற்பவம் எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு படகுக்கு வந்தாள். கால் வீங்கியிருந்தது, வர வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் மாதாவுக்கு முன்னால் உட்கார்ந்து, இதோ இந்த ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு, நான் தட்டுகிற மாதிரியே தட்டிக்கொண்டிருந்தாள். சும்மா விளையாட்டுக்குத்தான். கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, இங்க வேற மாதிரி கேக்குது."

"எங்க?"

"இங்க. ஸ்டாண்டுகிட்ட. அந்தப் பக்கம் கணீர்னு இருக்கு. இங்க செத்துக் கெடக்கு."

நான் போய்த் தட்டினேன். எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டது. டொக் டொக். "உன் ஆர்மோனியம் இல்ல இது" என்றேன். அவள் இன்னொரு தடவை தட்டினாள். "இப்பவுமா கேக்கல?" என்றாள். படகைக் கழுவிக்கொண்டிருந்த கிளமெண்ட் அதைக் கேட்டுவிட்டுப் பல்லைக் காட்டினான். மருமகன் முன்னால் எனக்கு என்ன மரியாதை? "நாப்பது வருஷமா தட்டறவன் நானா நீயா? கேரியரைக் கட்டிக்கிட்டு எறங்கு" என்றேன். அவள் ஸ்பூனைப் புடவையில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். அதைப்பற்றி அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிளமெண்டிடம் பேசியிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. "மாமா சொல்றத மட்டும் வச்சுக்கிட்டுப் போவாதப்பா, வேற யாரையாவது கூட்டியாந்து பாரு" என்று சொல்லியிருக்கிறாள். முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தவள்.

கார்த்திகையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாதா கேட்கவில்லை.

மழை ஓய்ந்து சுற்றுலா தொடங்குகிற சமயம், கிளமெண்ட் என்னிடம் வந்தான். "மாமா, அத்தை ஏதோ சொல்லிச்சே அந்த எடம். சீசனுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துருவமா? காசிலிங்கத்தையும் கூப்புடுறேன்."

காசிலிங்கம். நான் ஸ்க்ரூ பிடிக்கச் சொல்லிக்கொடுத்த காசிலிங்கம் வந்து என் டெக்கைத் தட்ட வேண்டுமாம். அன்றைக்கே நான் முழு டெக்கையும் தட்டினேன் தம்பி. முன்னாலிருந்து பின்னால், ஒரு சாண் விடவில்லை. மாதா ஸ்டாண்டுப் பக்கம் மட்டும் மூன்று தடவை. எல்லா இடமும் ஒரே மாதிரி. அதற்கு மேல் ஒரு கோட்டு பெயிண்டும் அடித்து, வழுக்காமல் இருக்க மணலும் தூவிக் கொடுத்தேன்.

"நான் இருக்கேன், நீ போ" என்றேன். அந்த வார்த்தையை நான் மறைக்கவில்லை. யார் கேட்டாலும் சொல்கிறேன். சொன்னேன்.

தை மாதம், சாயங்காலம் ஐந்து மணி. பெரிய காற்றுகூட இல்லை. படகில் எட்டுப் பேர். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்துவாரம் தாண்டித் திரும்புகிற இடத்தில் பாய் நிரம்பியது, வலது பக்கக் கம்பி இழுத்தது, அவ்வளவுதான். பாய்மரம் அப்படியே இடப்பக்கம் சாய்ந்தது. பெரிய சத்தம் கேட்டதாகக் கரையில் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அவ்வளவு தூரத்தில் எப்படிக் கேட்கும்? ஒரு பெண்பிள்ளையைக் கிளமெண்ட் தள்ளிவிட்டிருக்கிறான். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. மரம் இவன் கால் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது முத்தியால்பேட்டையில் போன் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்திருக்கிறான். அலையில் ஆடுகிற படகில் நின்றுகொண்டே சாப்பிட்ட பையன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ரெஜினா நின்றாள். நான் போய் அவள் தோளைத் தொட்டேன். அவள் திரும்பிக் கத்தினாளா, அடித்தாளா? அப்படிச் செய்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

"அம்மா சொன்னாங்கல்ல" என்றாள். என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் இந்த ஏழு வருஷத்தில் ஒரு சொல் இல்லை. என் பேரப்பிள்ளைக்கு முதல் நற்கருணை கொடுத்தார்கள், கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். அம்மா சாவதற்கு முன்னால் இதே ரெஜினாதான் என்னைக் காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய் ஒரு மிஷின் வாங்கிக்கொடுத்தாள். அந்த அலமாரியில் டப்பாவோடு இருக்கிறது. எனக்கு எதற்கு அது? நாற்பது வருஷம் ஃபைபர் அறுக்கிற கிரைண்டர் பக்கத்தில் நின்ற காது, ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத் திருப்தி, வாங்கினாள். அதை மாட்டிக்கொண்டு டெக் தட்டியிருந்தால் ஊர் சிரித்திருக்காதா?

முசே என்ன சொன்னார் தெரியுமா? ஊரெல்லாம் சொன்னார். "பிரகாசம் போட்ட நாலு ஸ்க்ரூ என் படகைக் கொன்னுடுச்சு." நாலு ஸ்க்ரூ. அந்த வெள்ளைக்காரன் அந்தப் படகில் எத்தனை ஓட்டை போட்டிருந்தான் தெரியுமா? மாதா ஸ்டாண்டுக்கு ஒரு முழம் தள்ளி அவன் தூண்டில் சொருகப் போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. கட்டைவிரல் போகும். சூயிங்கம் மாதிரி எதையோ வைத்து அடைத்திருந்தான். அதை யாரும் பேசமாட்டார்கள். வெள்ளைக்காரன் ஓட்டையில் தண்ணீர் போகாது, ஞானப்பிரகாசம் ஓட்டையில்தான் போகும்.

அதனால்தான் நான் வெட்டினேன். படகை இழுத்துவந்து கட்டின மறுநாள், யாரும் வருவதற்கு முன்னால், கிரைண்டரை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்துவந்துவிட்டேன். சாட்சியைப் பத்திரமாக வைக்க வேண்டுமா இல்லையா? விபத்தை விசாரிக்கச் சென்னையிலிருந்து ஒரு ஆபீசர் வந்தார். சதுரமாக ஓட்டைதான் இருந்தது. பார்த்துவிட்டு, காரணம் சொல்ல இயலவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என் பேர் அதில் எங்கேயும் இல்லை. நான் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அந்தக் காகிதத்தின் நகலை ரெஜினாவுக்கு அனுப்பினேன். கவரோடு திரும்பி வந்தது.

இருங்கள், எடுக்கிறேன். முட்டி மடங்கமாட்டேன் என்கிறது. இது அவள் புடவை, அதில்தான் சுற்றி வைத்திருக்கிறேன். பிடியுங்கள். பார்த்து, ஓரம் கையைக் கிழிக்கும். இதுவரை யாரிடமும் கொடுத்ததில்லை. காசிலிங்கம் பார்க்கக் கேட்டான், கொடுக்கவில்லை. நீங்கள் படித்தவர், இந்த ஊர் இல்லை, உங்களுக்கு முசேயும் வேண்டாம், நானும் வேண்டாம். நீங்கள் சொன்னால் எடுபடும்.

இந்த நாலும் நான் போட்டது. அதோ அந்த மூலையில் பெரிதாக இருக்கிறதே, அது வெள்ளைக்காரன் போட்டது. இங்கே பிளேட் பிய்த்துக்கொண்டு போன இடம். அந்த மூலையிலிருந்துதான் தண்ணீர் பரவி வந்திருக்கிறது. அதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

என்ன பார்க்கிறீர்கள்? அந்த மூலையில் மரம் மஞ்சளாக இருக்கிறது, ஆமாம். அது காய்ந்துவிட்டது தம்பி. ஏழு வருஷம் கட்டிலுக்கு அடியில் கிடந்தால் காயாதா? இந்தப் பக்கம் மட்டும் ஏன் கறுப்பு என்றால், அது மெழுகுவர்த்திப் புகை. இரண்டு வருஷம் வாராவாரம் ஏற்றினேன் இல்லையா, புகை இறங்கியிருக்கும். விரலை விடாதீர்கள், உதிரும். அது அப்படித்தான் உதிரும்.

தட்டிப் பாருங்கள். நீங்களே தட்டுங்கள், இந்தாருங்கள் ஸ்பூன். முதலில் வெள்ளைக்காரன் பக்கம். சரி. இப்போது இந்தப் பக்கம். இன்னொரு தடவை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்கு?

ஏன் தம்பி நிறுத்திவிட்டீர்கள்?

நீங்கள் வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் சொல்லவில்லை, இல்லையா? எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று பார்த்தேன். ஸ்பூன் இருக்கட்டும், கீழே வையுங்கள். கையில் கொடுக்க வேண்டாம். அவளும் இப்படித்தான் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

சரி. யோசித்துச் சொல்வீர்கள். படித்தவர்கள் உடனே சொல்லமாட்டார்கள், எனக்குத் தெரியும். அவசரம் இல்லை. புடவையை இப்படிக் கொடுங்கள், நான் சுற்றிக்கொள்கிறேன்.

நாளைக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள்? ஆறு மணிக்கே நான் தயாராக இருப்பேன். உங்கள் படகையும் ஒரு சாண் விடாமல் பார்த்துவிடலாம்.

போன் செய்கிறீர்களா? போன் வேண்டாம் தம்பி. மணி அடிப்பது சில சமயம் தெரிவதில்லை. நேரே வந்து கதவைத் தட்டுங்கள். நான் உள்ளேதான் இருப்பேன். பலமாகத் தட்டுங்கள்.